குஞ்சு விடுவதற்கு முன் சாக்கடையை நிறுத்துங்கள்

மேட்டூர் அணை திறந்து சில நாட்களில் தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் எனப் பிரிகிறது. அதன் பின்னாலேயே கெண்டையும் கெளுத்தியும் வருகின்றன. மதகடிகளிலும் பாலங்களிலும் தூண்டில்கள் இறங்குகின்றன. டெல்டாவுக்கு மகிழ்ச்சியான பருவம்தான். ஆனால் ஆறு நலமடைந்துவிட்டதற்கு இதைச் சான்றாகக் கொள்ள முடியாது. வழக்கப்படி ஜனவரி 28-இல் அணை மூடப்பட்ட பிறகு, கோடையில் இந்த ஆறுகளில் பல இடங்களில் எஞ்சுவது மணலும் ஊர்க் கழிவுநீரும்தான். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் ஆற்றில் சேரும் சாக்கடை, ஓட்டமில்லாத மாதங்களில் அங்கேயே தேங்கிக் கறுக்கிறது. ஆண்டுதோறும் மீன் வருகிறது, ஆனால் தங்குவதில்லை. காவிரி உள்ளிட்ட ஆறுகளில் நாட்டு மீன் குஞ்சுகளை விடும் மீன்வளத் துறையின் திட்டம் நல்ல நோக்கம் கொண்டது. என்றாலும் ஏப்ரலில் மீன் உயிர்வாழ முடியாத ஆற்றில் ஐப்பசியில் குஞ்சு விடுவது, வேலையின் வரிசையையே தலைகீழாக்குவதாகும்.

மீன் வாழ நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது என்கிறது மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். சாக்கடையில் உள்ள கரிமக் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் அந்த ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகின்றன. நீர் பெருகி ஓடும்போது காற்றிலிருந்து இழப்பு ஈடாகும். தேங்கி நின்றால் ஈடாகாது. ‘மீன்தான் நிறையக் கிடைக்கிறதே’ என்போர், கிடைப்பது எந்த மீன் என்று பார்க்க வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஜிலேபிக் கெண்டை கெட்ட நீரையும் தாங்கும். வளர்ப்பதற்கே நாட்டில் தடை விதிக்கப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி, நீருக்கு மேல் வந்து காற்றையே சுவாசித்துக்கொள்ளும். நம் விராலும் பனையேறிக் கெண்டையும்கூட அப்படிச் சுவாசிக்கக் கூடியவைதான். பனையேறிக் கெண்டை மரம் ஏறியதைத் தரங்கம்பாடியில் கண்டதாக ஒரு டேனிஷ் அதிகாரி எழுதிய குறிப்பு 1797-இல் லண்டனில் அச்சேறியது. ஆகவே கூடையின் எடையை வைத்து ஆற்றை மதிப்பிட முடியாது. சேல்கெண்டை போன்ற, தெளிந்த ஓட்டத்தை நாடும் மீன்கள் கோடையிலும் இருக்கின்றனவா என்பதே சரியான கேள்வி.

இதற்கு லண்டன் ஒரு நல்ல பாடம். 1957-இல் தேம்ஸ் ஆறு உயிரற்றது என்று அறிவிக்கப்பட்டது. கழிவுநீர் நிலையங்கள் விரிவாக்கப்பட்டு ஆக்சிஜன் ஏறியதும், யாரும் கொண்டுவந்து விடாமலேயே கடலிலிருந்து பல வகை மீன்கள் திரும்பின. 1974-இல் ஒரு சால்மன் பிடிபட்டபோது, 1833-க்குப் பிறகு முதல் சால்மன் என்று கொண்டாடினார்கள். அந்த உற்சாகத்தில் பல ஆண்டுகள் சால்மன் குஞ்சுகளை விட்டார்கள். ஆனால் 2011-இல் வெளியான மரபணு ஆய்வு, அண்மையில் தேம்ஸில் ஏறிய சால்மன்கள் பெரும்பாலும் வேறு ஆறுகளில் பிறந்து வழிமாறி வந்தவை என்று காட்டியது. நீரைச் சுத்தப்படுத்தியது பலித்தது, குஞ்சு விட்டது பலிக்கவில்லை. நம் பக்கத்திலும் சான்று உண்டு. நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்துக்காக 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவின் தொட்டியாக மாறியது. காவிரியில் கலக்கும் நொய்யலைக் காக்க உழவர்கள் நீதிமன்றத்தில் போராடினார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத ஏற்பாடு வரும்வரை சாயப்பட்டறைகளை மூட 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தனியார் ஆலையிடம் நீதிமன்றம் அவ்வளவு கண்டிப்புக் காட்டியிருக்க, அரசு இயந்திரம் தன் நகராட்சிகளின் குழாய்களைக் கண்டுகொள்ளாமல் இருப்பது எப்படி நியாயம்? டெல்டாவைக் காக்க 2020-இல் இயற்றிய வேளாண் மண்டலச் சட்டத்தின் தடைப்பட்டியலில் உருக்காலையும் தோல் தொழிற்சாலையும் எண்ணெய்க் கிணறும் உள்ளன. ஊர்ச் சாக்கடை அதில் இல்லை.

‘பயிருக்கே தண்ணீர் இல்லை, மீனுக்கு ஏது?’ என்பது உழவர் தரப்பின் மறுப்பு. இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள், வழக்கமான நாளான ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கப்படவில்லை. குறுவையை இழந்த ஊர்கள் எத்தனையோ. ஆனால் ஆற்றுக்கென ஒரு பங்கு ஏற்கெனவே தீர்ப்பிலேயே உண்டு. 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு உறுதிசெய்த 177.25 டி.எம்.சி.யில் 10 டி.எம்.சி. சுற்றுச்சூழலுக்கானது, பிப்ரவரி முதல் மே வரை மாதத்துக்கு 2.5 டி.எம்.சி. வீதம் பிலிகுண்டுலுவில் அது வந்து சேர வேண்டும். பாசனப் பங்கில் கைவைக்க வேண்டியதில்லை. கோடையில் கரைபுரளவும் வேண்டியதில்லை. தடுப்பணைகளுக்கு மேலே சில மடுக்கள் வற்றாமல் இருந்தாலே தாய்மீன்கள் பிழைத்து, அடுத்த புதுவெள்ளத்தில் முட்டையிட ஏறும். கடும் வறட்சியில் குடிநீருக்கே முதலிடம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. மேலும், ஜூனில் புதுத்தண்ணீர் தள்ளிக்கொண்டு வருகிற தேங்கிய சாக்கடை முதலில் பாய்வது கடைமடை வயல்களில்தான். சாக்கடையை நிறுத்தும் இந்தக் கோரிக்கையில் உழவருக்கும் மீனவருக்கும் நலன் ஒன்றே.

எனவே தஞ்சாவூர், கும்பகோணம் மாநகராட்சிகள் ஆற்றில் விழும் ஒவ்வொரு கழிவுநீர் வாயையும் வரைபடத்தில் குறித்து வெளியிட வேண்டும். எந்த வாய் எந்த ஆண்டு அடைபடும் என்பதும் அதில் இருக்க வேண்டும். மடுக்கள் உள்ள இடங்களில் மணல் அள்ளத் தடை வேண்டும். கரையையும் படுகையையும் சிமெண்டால் பூசும் வேலைகளில், கோரையும் சேறும் உள்ள பகுதிகளை மீன் குஞ்சு ஒதுங்குவதற்கென விட்டுவைக்க வேண்டும். மீன்வளத் துறையின் கணக்கும் மாற வேண்டும். எத்தனை இலட்சம் குஞ்சு விட்டோம் என்பதற்குப் பதிலாக, ஏப்ரல், மே மாதங்களில் எந்தெந்த நாட்டு மீன் எந்தெந்த மடுவில் உயிரோடு இருக்கிறது என்பதை ஆண்டுதோறும் வெளியிடட்டும். அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகே அடுத்த ஆண்டுக்கான குஞ்சுகளுக்கு நிதி ஒதுக்கட்டும்.