எலும்பை மட்டுமா பார்ப்பது?

திருப்பூர் பனியன் தொழிலில் உழைப்பவனுக்கு உடலே முதல். பவர் டேபிளில் தைப்பவருக்குப் பெடலை மிதிக்கக் கால் வேண்டும். கட்டிங் மாஸ்டருக்கு நாள் முழுதும் நிற்கக் கால் வேண்டும். பீஸ் ரேட்டில் வேலை செய்யும் ஒருவர் மூன்று மாதம் படுத்துவிட்டால் அவர் வீட்டு அடுப்பும் பிள்ளைகளின் படிப்பும் ஒருசேரத் தடுமாறும். எனவே எலும்பு மருத்துவர் எடுக்கும் முடிவு ஒரு குடும்பத்தின் கதியையே மாற்றக்கூடியது.

விடுமுறை நாளில் கபடி ஆடும் இளைஞர் சட்டெனத் திரும்புகையில் முழங்கால் பிசகி வீங்குகிறது. ஸ்கேன் எடுத்தால் ஜவ்வு அறுந்திருப்பதாக அறிக்கை வருகிறது. உடனே ஆபரேஷனா? விளையாட்டுக் காய மருத்துவத்தை முறையாகக் கற்றவர் அறிக்கையோடு நின்றுவிடுவதில்லை. மூட்டைத் தம் கையால் அசைத்துப் பார்ப்பார். நடக்கையில் கால் நழுவுகிறதா, என்ன தொழில் செய்கிறீர்கள், மீண்டும் ஆடும் எண்ணம் உண்டா என்று வினவுவார். ஸஜ்தாவுக்கு முழங்கால் மடிகிறதா என்பதை நாமே கூச்சமின்றி அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இக்கேள்விகள் வெறும் உபசாரமல்ல. முழங்காலின் முன் குறுக்கு ஜவ்வு அறுந்த 121 இளவயதினரை இரு பிரிவாக்கிச் சுவீடனில் நடத்திய ஆய்வின் முடிவு 2010இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு விரைவிலேயே ஆபரேஷன் செய்து பயிற்சி தந்தனர். மறு பிரிவினரான 59 பேருக்கு முதலில் பயிற்சி மட்டுமே. தேவை எழுந்தால் பிறகு ஆபரேஷன். இரண்டாண்டுகளில் இவர்களுள் 23 பேரே ஜவ்வு ஆபரேஷன் செய்துகொண்டனர். வலியிலும் மூட்டின் செயலிலும் இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆபரேஷனே வேண்டாம் என்பது இதன் பொருளன்று. கால் அடிக்கடி நழுவினாலோ, மூட்டு பூட்டிக்கொண்டு நிமிராமற் போனாலோ அது தேவைப்படலாம். யாருக்குத் தேவை என்பதை ஸ்கேன் மட்டும் சொல்லிவிடாது.

விளையாட்டில் பிசகிய காலுக்கு மட்டுமன்று, விபத்தில் சிதைந்த காலுக்கும் இது பொருந்தும். நமக்கு அண்மையிலுள்ள கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரனும் அவருடைய குழுவினரும் 2006இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டனர். தோல், எலும்பு, தசை நரம்புகள் ஆகிய மூன்றின் சேதத்துக்கும் தனித்தனியே ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். முதுமை, நீரிழிவு போன்றவற்றுக்குக் கூடுதல் மதிப்பெண். கூட்டுத்தொகை 14 அல்லது அதற்குக் கீழ் எனில் காலைக் காப்பாற்ற முயலலாம். 17 அல்லது அதற்கு மேல் எனில் அகற்றுவதே பெரும்பாலும் நலம். இடைப்பட்ட 15, 16க்கு என்ன விடை? அங்கே எண் முடிவு சொல்வதில்லை. அனுபவமிக்க மருத்துவர்கள் நோயாளியின் நிலையையும் குடும்பச் சூழலையும் எடைபோட்டே தீர்மானிக்க வேண்டும்.

சகோதர சகோதரிகளே! மருத்துவரிடம் செல்கையில் விவரமறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஆபரேஷன் இன்றிக் குணமாக வழியுண்டா, எத்தனை மாதத்தில் வேலைக்குத் திரும்பலாம், பயிற்சிக்கு எத்தனை முறை வர வேண்டும், மொத்தச் செலவு எவ்வளவு என்று பணிவுடன் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று. பொறுமையுடன் விடையளிக்கும் மருத்துவர் கிடைத்தால், அவர் சொல்லும் பயிற்சியை ஒருநாளும் விடாமல் செய்து முடிப்பது நம் கடமை. குணமளிப்பவன் அல்லாஹ், முயற்சி நம்முடையது.