போன வருஷத்து வேலைக்கு இந்த வருஷத்துச் சட்டமா?

பதிவு கொஞ்சம் நீளம். டீயோடு உட்கார்ந்து படியுங்கள்.

கட்டட வேலை, ஃபேப்ரிகேஷன், எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்ட் என்று எண்ணூரிலும் மாதவரத்திலும் தொழில் செய்யும் நம் பிள்ளைகள் சிலர் ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்டுவிட்டார்கள். "வேலையை முடிச்சு, பில் வாங்கி, ஆளுங்களுக்குக் கூலியும் கொடுத்தாச்சு சார். அப்புறம் சட்டத்தை மாத்திட்டு, அந்தப் பழைய வேலைக்கும் வரி கட்டுன்னா எப்படி சார்? கோர்ட்டுக்குப் போனா நிக்குமா?"

நான் வக்கீல் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, சாக்பீஸ் பிடித்தே காலத்தை ஓட்டியவன். ஓய்வுக்குப் பிறகு புழலில் உட்கார்ந்து படித்ததை வைத்து என் கருத்தைச் சொல்கிறேன். கையில் நோட்டீஸ் வைத்திருப்பவர்கள் நல்ல வக்கீலைப் பாருங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். செய்தபோது குற்றமாக இல்லாத செயலுக்குப் பிறகு சட்டம் போட்டுத் தண்டிக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 20வது பிரிவு சொல்கிறது. வகுப்பில் நானே நடத்தியிருக்கிறேன். ஆனால் அது குற்றத்துக்கும் தண்டனைக்கும் மட்டும்தான். வரிக்குப் பொருந்தாது. முன்தேதியிட்டு வரி போட நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் பல முறை சொல்லிவிட்டது. அளவு மீறி, நியாயமே இல்லாமல் போனால் மட்டும் தலையிடுவோம் என்பதுதான் அவர்கள் நிலை. ஆகவே "இது செல்லவே செல்லாது" என்று யாராவது உங்களிடம் உறுதியாகச் சொன்னால், அவர் பீஸ் எவ்வளவு கேட்கிறார் என்று பாருங்கள்.

காண்ட்ராக்டர்கள் வரியை எதிர்த்துக் கோர்ட் படி ஏறிய பெரிய வழக்கு நம் மெட்ராஸில் பிறந்தது. 1947இல் மெட்ராஸ் விற்பனை வரிச் சட்டத்தைத் திருத்தி, 'விற்பனை' என்ற சொல்லுக்குள் கட்டட ஒப்பந்தத்தையும் சேர்த்தார்கள். கானன் டங்கர்லி என்ற கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் வாதம் எளிமையானது. ஒருவர் வீடு கட்டித் தரச் சொல்கிறார், நான் கட்டித் தருகிறேன். செங்கல் இத்தனை, கம்பி இத்தனை என்று நான் அவருக்கு எதையும் விற்கவில்லையே! 1954இல் மெட்ராஸ் உயர் நீதிமன்றம் கம்பெனி பக்கம் நின்றது. அரசு மேல்முறையீடு போனது. 1958 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. பிரிக்க முடியாத கட்டட ஒப்பந்தத்தில் பொருள் விற்பனை இல்லை, மாநிலம் அதற்கு விற்பனை வரி போட முடியாது. அன்றைய தேதிக்கு அரசாங்கம்தான் ஏமாந்தது. (அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி டி.எல்.வெங்கடராம அய்யர் சங்கீத கலாநிதி பட்டமும் பெற்றவர். சங்கீதம் தெரிந்த உறவுகளுக்காகச் சொன்னேன்.)

அரசுகள் சும்மா இருக்குமா? 1982இல் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். 46வது திருத்தம், 1983 பிப்ரவரி 2 முதல் அமலுக்கு வந்தது. கட்டட ஒப்பந்தத்தில் போகும் பொருளையும் விற்பனை என்றே வைத்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. கட்டுநர் சங்கம் வழக்குப் போட்டது. 1989இல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. ஆனாலும் கோர்ட்டுக்குப் போனது வீண் போகவில்லை. 1992இல் அதே கானன் டங்கர்லி பெயரில் வந்த இரண்டாவது தீர்ப்பு, பொருளின் மதிப்புக்குத்தான் அந்த வரி, கூலியையும் வேலை சார்ந்த மற்ற செலவுகளையும் கழித்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது. மேஸ்திரிக்கும் சித்தாளுக்கும் கொடுத்த கூலியின் மேல் விற்பனை வரி ஏறாமல் இருந்தது அப்படித்தான்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். அந்த 46வது திருத்தத்துக்குள்ளேயே ஒரு முன்தேதி வரியும் இருந்தது. அது ஓட்டல்காரர்களுக்கு. ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவது விற்பனை ஆகாது என்று 1978 செப்டம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருந்தது. திருத்தம் அதைத் தலைகீழாக்கி, பழைய காலத்துக்கும் சேர்த்து வரி செல்லும் என்று ஆக்கியது. ஆனால் கூடவே ஒரு விலக்கும் வைத்தார்கள். அந்தத் தீர்ப்பு வந்த நாளிலிருந்து திருத்தம் அமலான நாள் வரை, 'வரி இல்லை' என்று நம்பி வாடிக்கையாளரிடம் வரி வாங்காமல் விட்ட ஓட்டல்காரர் கட்ட வேண்டாம். வாங்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு மட்டும் அவருடையது.

எவ்வளவு நியாயமான ஏற்பாடு பாருங்கள்! வாடிக்கையாளரிடம் வரி என்று வாங்கி, பிறகு 'வரியே செல்லாது' என்று தீர்ப்பு வந்ததும் அந்தப் பணத்தைக் கல்லாவில் போட்டுக்கொள்ள எந்த வியாபாரிக்கும் உரிமை இல்லை. அந்த இடத்தில் நான் அரசாங்கம் பக்கம்தான். அது பொதுமக்கள் கொடுத்த காசு. ஆனால் வாங்காதவனிடம் போய்க் கேட்பது வேறு விஷயம்.

அதிலும் காண்ட்ராக்டர் நிலைமை ஓட்டல்காரரை விட மோசம். ஓட்டல்காரர் நாளைக்குத் தோசைக்கு ஐந்து ரூபாய் ஏற்றிச் சமாளிப்பார். காண்ட்ராக்டருக்கு டெண்டரில் எழுதினது எழுதினதுதான். வேலை முடிந்து, கடைசி பில்லும் பாஸ் ஆகி, டெபாசிட்டும் திரும்பிய பிறகு யாரிடம் போய்க் கேட்பார்? லாபம் பத்து விழுக்காடு வைத்து எடுத்த வேலைக்கு ஆறு விழுக்காடு கூடுதல் வரி வந்தால், பாதிக்கு மேல் போய்விடும். பெரிய கம்பெனி தாங்கும். நம்ம ஏரியாவில் மிக்சர் மெஷினையே வாடகைக்கு எடுத்துத் தொழில் செய்யும் பையன் வீட்டு நகையைத்தான் அடகு வைப்பான்.

இந்த ஆறு விழுக்காடு கற்பனைக் கணக்கு இல்லை. அரசு வேலைகள் பலவற்றுக்கு 12 விழுக்காடாக இருந்த ஜிஎஸ்டி, 2022 ஜூலை 18 முதல் 18 ஆனது. சட்டப்படி இது முன்தேதி வரி அல்ல, அன்றைய தேதியிலிருந்துதான் ஏற்றினார்கள். ஆனால் அதற்கு முந்தைய வருஷமே 12 என்று கணக்குப் போட்டு டெண்டர் எழுதி, பாதி வேலையில் நின்றவருக்கு இரண்டும் ஒன்றுதான். கூடுதல் வரியை வேலை கொடுத்த துறை தருமா என்பது ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு வரியைப் பொறுத்தது. அந்த வரியைப் பலர் படிப்பதே இல்லை.

அசல் முன்தேதி வரிக்கு, சமீபத்து உதாரணம் ஒன்று நம் பக்கத்து ஆட்களையே தொடுகிறது. செங்குன்றம், மாதவரம், புழல் சுற்றிலும் குடோன் கட்டி வாடகைக்கு விடுபவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். சொந்தமாக சிமெண்ட், கம்பி வாங்கிக் கட்டும்போது ஜிஎஸ்டி கட்டுகிறார்கள். பிறகு வாடகைக்கும் ஜிஎஸ்டி. முதலில் கட்டியதை இரண்டாவதில் கழித்துக்கொள்ளலாமா என்பதுதான் கேள்வி. அசையாச் சொத்து கட்டினால் கழிவு இல்லை, 'பிளான்ட் அல்லது மெஷினரி' என்றால் மட்டும் உண்டு என்று சட்டம் சொன்னது. புவனேஸ்வரத்தில் மால் கட்டிய சஃபாரி ரிட்ரீட்ஸ் என்ற கம்பெனி வழக்காடியது. சட்டத்தின் மற்ற இடங்களில் 'மற்றும்' இருக்க, இங்கே மட்டும் 'அல்லது' இருப்பதைக் கவனித்த உச்ச நீதிமன்றம், வாடகைக்கு விடும் கட்டடமே சில சமயம் 'பிளான்ட்' ஆகலாம், ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று 2024 அக்டோபர் 3 அன்று சொன்னது. நான்கே மாதத்தில் வந்த 2025 பட்ஜெட்டில் அந்த 'அல்லது' 'மற்றும்' ஆனது. எந்தத் தேதியிலிருந்து? 2017 ஜூலை 1 முதல்! எந்தத் தீர்ப்பு இருந்தாலும் சரி என்றும் சேர்த்து எழுதினார்கள்.

எழுத்துப் பிழை என்கிறது அரசாங்கம். இருக்கட்டும். கட்டுரை நோட்டில் பிழை வந்தால் நானும் சிவப்பு மையால் திருத்தியிருக்கிறேன். ஆனால் ஏழரை வருஷம் திருத்தாத பிழையை, தோற்ற பிறகுதானா திருத்த வேண்டும்? சரி, இனிமேல் இப்படித்தான் என்று எழுதியிருக்கலாமே!

வோடபோன் கதை எல்லோருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். 2012 ஜனவரியில் கம்பெனி உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது. சில மாதத்தில் 1962 முதல் என்று சட்டம் மாறியது. 2020இல் சர்வதேச நடுவர் மன்றத்தில் இந்தியா தோற்றது. 2021இல் நாடாளுமன்றமே அந்த வரியைக் கைவிட்டது. வோடபோனுக்கு வெளிநாட்டு ஒப்பந்தம் என்ற பின்வாசல் இருந்தது. திருவொற்றியூர் காண்ட்ராக்டருக்கு அப்படி எந்த வாசலும் கிடையாது.

லண்டன் உறவுகளுக்கும் இது தெரிந்த சங்கதி. ஐ.டி. காண்ட்ராக்டர்கள் சிலர் வரியைக் குறைக்கச் சேர்ந்த திட்டங்களை 2008 சட்டம் 1987 முதலே செல்லாது என்றது. அதை எதிர்த்த வழக்கு 2011இல் அங்கே மேல்முறையீட்டிலும் தோற்றது. பிறகு வந்த 'லோன் சார்ஜ்' 1999 வரை பின்னால் போனது. 2019 இறுதியில் 2010 டிசம்பருக்கு முந்தைய கடன்களை விட்டார்கள். அந்தச் சலுகை தீர்ப்பால் வரவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் எம்.பி.க்களை விடாமல் துரத்தியதால் அரசு ஒரு மறுஆய்வு வைத்தது, அதனால் வந்தது.

அதனால்தான் சொல்கிறேன், கோர்ட்டுக்குப் போவதோடு நிற்காதீர்கள். கோர்ட்டில் நீங்கள் ஒரு சொல்லை ஜெயிக்கிறீர்கள், அவர்கள் அந்தச் சொல்லையே மாற்றிவிடுகிறார்கள். உங்கள் சங்கம் கேட்க வேண்டியது 1982இல் ஓட்டல்காரருக்குக் கொடுத்த அதே விலக்கை. வரியை வாங்காதவன், இனி வாங்கவும் முடியாதவன், அதை ஆதாரத்தோடு காட்டினால் பழைய காலத்துக்குக் கட்ட வேண்டாம். புதிதாக எதையும் கேட்கவில்லை, நாடாளுமன்றம் ஏற்கெனவே ஒருமுறை எழுதியதுதான். ஜிஎஸ்டி கவுன்சிலில் நம் மாநிலத்துக்கும் இடம் இருக்கிறது. அடுத்த பட்ஜெட்டுக்கு முன்பே மனு போய்ச் சேர வேண்டும். பட்ஜெட் வந்த பிறகு கூட்டம் போட்டுப் பயனில்லை.

இன்னொன்று. புது வேலை எடுக்கும்போது, வரி விகிதம் மாறினால் கூடுதலை யார் ஏற்பது என்ற பிரிவு ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் டெண்டருக்கு முந்தைய கூட்டத்திலேயே எழுத்தில் கேளுங்கள். சப்-காண்ட்ராக்ட் எடுப்பவர்கள் வெறும் வாய்ப்பேச்சில் வேலை தொடங்கவே வேண்டாம். பழைய பில், சலான், ஒப்பந்த நகல் எதையும் தூக்கிப் போடாதீர்கள். படித்துப் புரியவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து படிப்போம். வரும்போது கண்ணாடியை மறக்காதீர்கள், இப்போது உங்களில் பாதிப் பேருக்கும் அது தேவைப்படுகிறது!