சின்னப் பெட்டிக்குப் பெரிய கார்டு ஏன்?

சினிமா பார்க்கவும் போட்டோக்களைத் திருத்தவும் ஒரே கம்ப்யூட்டர் வேண்டும், அது டி.வி. பக்கத்தில் அடக்கமாக உட்கார வேண்டும். பலருக்கு இந்த ஆசை உண்டு. நல்ல ஆசைதான். ஆனால் கடைக்குப் போனதும் நடப்பது என்ன? கையிலுள்ள பணத்தில் பாதி, கிராபிக்ஸ் கார்டுக்குப் போய்விடுகிறது!

விளையாட்டுப் பிரியர்களுக்கு அது வேண்டும். இந்த இரண்டு வேலைகளுக்கு வேண்டியதில்லை. 4கே படத்தில் 3840-க்கு 2160 புள்ளிகள். அதை ஓட்டும் திறமை இன்றைய பிராசஸர்கள் பலவற்றுக்குள்ளேயே இருக்கிறது. பெரிய கார்டு சின்னப் பெட்டிக்குள் போனால் சூடு ஏறும். சூடு ஏறினால் விசிறி இரையும். கதாநாயகி விம்மும் கட்டத்தில் பெட்டி உறுமினால் யார் ரசிப்பார்கள்?

சின்னப் பெட்டிக்கு ஏற்றது மினி-ஐ.டி.எக்ஸ். போர்டு. 2001-ல் வந்த அளவு அது, 17 செ.மீ. சதுரம். அதில் மெமரிக்குப் பெரும்பாலும் இரண்டே இடங்கள். ஆகவே, 16 ஜி.பி. வீதம் இரண்டையும் முதலிலேயே நிரப்புவது புத்திசாலித்தனம். 8 ஜி.பி. வீதம் போட்டால், பிறகு இரண்டையும் கழற்ற நேரும்.

போட்டோவுக்கு நிறமே உயிர். டி.வி.யின் பளபளப்பை நம்பித் திருத்தினால், பிரிண்டில் மணப்பெண்ணின் முகம் வேறாக வரும்! கார்டில் மிச்சமாகும் பணம், நிறத்தை உள்ளபடி காட்டும் மானிட்டருக்குப் போகட்டும். அடுத்தபடியாக, படங்களின் இரண்டாவது பிரதிக்கு ஒரு வெளி டிஸ்க் வேண்டும்.

பெட்டி கெட்டால் புதிது வாங்கலாம். குழந்தையின் முதல் பிறந்த நாளை மறுபடி படம் எடுக்க முடியுமா?