நூலகத்தில் பேச்சுக் குரல் கேட்கட்டும்

சென்னை மேற்கு மாம்பலத்தில் கூட்டம் சேர்ப்பது சிரமமான காரியமே இல்லை. ஆரிய கவுடா சாலை அயோத்தியா மண்டபத்தில் மாலை உபன்யாசம் என்றால் நாற்காலிகள் நேரத்தோடு நிரம்பிவிடும். ஒருவர் ஒரு நூலை எடுத்துக்கொண்டு நாள்கணக்கில் விளக்குவதைப் பொறுமையாக உட்கார்ந்து கேட்பதும், வீடு திரும்பும் வழியில் அதைப் பற்றி விவாதிப்பதும் இந்தப் பகுதிக்குத் தலைமுறைகளாக வந்த பழக்கம். பாட்டுக் கச்சேரி, பட்டிமன்றம் எதற்கும் இங்கே ஆள் குறைவதில்லை. ஆனால், எல்லோர் வரிப்பணத்திலும் நடக்கிற, சாதி, மதம், வயது பார்க்காமல் எல்லோரையும் உள்ளே விடுகிற ஒரே வாசிப்பு இடமான பொது நூலகம் மட்டும் இந்தப் பழக்கத்துக்கு வெளியே நிற்கிறது. மேற்கு மாம்பலம், தியாகராய நகர், கோடம்பாக்கம், அசோக் நகர் என்று இந்தச் சுற்றுவட்டாரக் கிளை நூலகம் ஒவ்வொன்றும் வாரம் ஒரு முறையாவது மக்களைக் கூட்டி வாசிக்க வைக்க வேண்டும். இது நேரம் இருந்தால் செய்யலாம் என்று ஒதுக்கி வைக்கக்கூடிய வேலை இல்லை. நூலகம் எதற்காகத் திறக்கப்பட்டதோ அந்த வேலையே இதுதான்.

சென்னையின் ஒரு சராசரிக் கிளை நூலகத்துக்குள் காலை வேளையில் போனால் இரண்டு வகை வாசகர்களைப் பார்க்கலாம். ஒரு நாளிதழைத் தாள் தாளாகப் பிரித்து மேசையைச் சுற்றிக் கைமாற்றிப் படிக்கும் ஓய்வு பெற்ற பெரியவர்கள் ஒரு வகை. தண்ணீர் பாட்டிலும் சொந்தக் கையேடுகளுமாக மூலையில் இடம் பிடித்து டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் இன்னொரு வகை. இரு சாராருக்கும் நூலகம் தேவை, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் முதல் வகையினர் அன்றைய செய்தித்தாளுக்காக வருகிறார்கள். இரண்டாம் வகையினர் தங்கள் புத்தகத்தைத் தாங்களே கொண்டுவருகிறார்கள். அலமாரியில் அடுக்கியிருக்கும் சிறுகதை, வரலாறு, அறிவியல், சிறுவர் நூல்களைத் தேடி வருகிறவர்கள் மிகக் குறைவு. குழந்தைகளும், வேலைக்குப் போகும் பெண்களும், வீட்டில் இருக்கும் பெண்களும் கண்ணில் படுவதே அபூர்வம். நாற்காலி நிரம்பியிருக்கிறது என்பதால் நூலகம் பயன்படுகிறது என்று திருப்தி அடைந்துவிட முடியாது. அலமாரியில் இருக்கும் புத்தகம் ஆளைத் தேடி அடைகிறதா என்பதே கேள்வி.

நூலகத்தின் வேலை புத்தகம் கொடுத்து வாங்குவது மட்டும்தானே என்று கேட்பவர்கள், தமிழ்நாட்டு நூலகங்களுக்கு அடிப்படையான சட்டத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். 1948-இல் நிறைவேறிய மதராஸ் பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவில் ஒரு மாகாணம் இயற்றிய முதல் பொது நூலகச் சட்டம். அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது, நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதனின் நீண்ட முயற்சிக்குப் பலனாக வந்தது. உள்ளூர் நூலக ஆணைக்குழு என்னென்ன செய்யலாம் என்று பட்டியலிடும் இடத்தில், கட்டடம், புத்தகம், பணியாளர் ஆகியவற்றோடு, விரிவுரைகளுக்கு ஏற்பாடு செய்வதும் வகுப்புகள் நடத்துவதும் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. நூலகத்தில் இருக்க வேண்டிய பொருள்களில் திரைப்படச் சுருளையும் சேர்த்து எழுதிய சட்டம் அது. நூலகம் என்றால் வாய் திறக்கக் கூடாத இடம் என்ற எண்ணம் அதை உருவாக்கியவர்களிடம் இருக்கவில்லை. அது பின்னால் நம் பழக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது. வாசகர் கேட்கும் நூலைத் தருவதோடு நூலகரின் கடமை முடிந்துவிடுவதில்லை என்று இந்த விதி சொல்கிறது. கேட்பாரற்றுக் கிடக்கும் நூலுக்கும் ஆள் தேடித் தர வேண்டும். அதே 1931-இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் புத்தகங்களை மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பிய நடமாடும் நூலகமும் இந்த எண்ணத்திலிருந்து பிறந்ததுதான். அன்று தடையாக இருந்தது தூரம். மேற்கு மாம்பலத்தில் நூலகத்துக்கும் வீட்டுக்கும் நடந்து போகிற தூரம்தான். இன்றைய தடை வேறு: எந்தப் புத்தகத்தை எடுப்பது, அது நமக்குப் புரியுமா, அங்கே நமக்கு என்ன வேலை என்ற தயக்கம். தூரத்தை மாட்டு வண்டி கடந்தது. தயக்கத்தைக் கடக்க ஒரு மனிதக் குரல் வேண்டும். ஒரு கதையை ஒருவர் வாய்விட்டு வாசித்து, மீதியை நீங்களே எடுத்துப் போய்ப் படியுங்கள் என்று கையில் கொடுக்கும்போது அந்தத் தயக்கம் உடைகிறது.

இதற்கு முன்மாதிரிகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. கேரளத்தில் பி.என். பணிக்கர் 1945-இல் அம்பலப்புழையில் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்துத் தொடங்கிய கிரந்தசாலை சங்கம், வாசகசாலையை ஊரின் பொது மன்றமாகவே வளர்த்தது. எழுத்தறிவு வகுப்பு, கலை நிகழ்ச்சி, சிறுவர் மன்றம், பெண்களுக்கான பிரிவு எல்லாம் புத்தக அலமாரியைச் சுற்றியே வளர்ந்தன. அதன் எழுத்தறிவுப் பணிக்கு 1975-இல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்காயா விருது கிடைத்தது. யுனெஸ்கோ உதவியோடு 1951-இல் தொடங்கிய தில்லி பொது நூலகமும், புத்தகம் வழங்குவதோடு விவாதக் குழு, நாடகக் குழு, திரையிடல் ஆகியவற்றைத் தொடக்கம் முதலே நடத்தியது. சிங்கப்பூர் நூலக வாரியம் 2004-இல் தொடங்கிய திட்டத்தில், வசதி குறைந்த குடும்பத்துக் குழந்தைகளுக்குத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து கதை வாசித்துக் காட்டுகிறார்கள். குழந்தை வாசகராக வளர அதற்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவதைவிடப் பெரிய உதவி இல்லை என்று அமெரிக்காவில் 1985-இல் வெளியான வாசிப்புக் குழு அறிக்கை முடிவு சொன்னது. நம் ஊரிலும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் ‘பொன்மாலைப் பொழுது’ என்ற பெயரில் எழுத்தாளர்களை அழைத்து உரைகள் நடத்தி நல்ல கூட்டத்தைச் சேர்த்திருக்கிறது. ஆனால் அடையாற்றங்கரையில் நடப்பது மாம்பலத்துப் பத்து வயதுப் பிள்ளைக்கு எட்டாது. அந்தப் பிள்ளைக்குத் தன் தெருவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் அது நடக்க வேண்டும்.

நிகழ்ச்சி என்று நான் சொல்வது விழாவை இல்லை. நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா ஆண்டுதோறும் நடக்கிறது. மேடை, பொன்னாடை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று பல இடங்களில் முழு மாலையும் கழிந்துவிடுகிறது. புத்தகம் பரிசுப் பொருளாக மட்டும் மேடைக்கு வருகிறது. வந்தவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்புகிறார்கள். நூலகத்துக்கு வேண்டியது சிறிய, தவறாமல் நடக்கிற, புத்தகத்தில் தொடங்கிப் புத்தகத்தில் முடிகிற கூட்டம். அசோகமித்திரன் தியாகராய நகரில் நெடுங்காலம் வாழ்ந்தவர். சென்னைத் தெரு ஒன்றின் தண்ணீர்ப் பஞ்சத்தை வைத்து அவர் எழுதிய ‘தண்ணீர்’ சிறிய நாவல். கோடையில் நாலு ஞாயிற்றுக்கிழமை, வாரம் ஒரு பகுதியாக அதை வாசித்து, லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருந்த பெரியவர்களையும், 2019 பஞ்சத்தை மட்டுமே பார்த்த பிள்ளைகளையும் பேச வைத்தால் போதும். இலக்கியமும் ஊர் வரலாறும் ஒன்றாகக் கைக்கு வரும். பேசுவதற்கு இன்னொன்றும் உண்டு: மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை என்று ஒரு சாலை இருக்கிறது, ஏரி இல்லை. அந்த நெடிய ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் உருவானது. 2015-இலும் 2021-இலும் வீட்டுக்குள் வெள்ளம் வந்ததற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பதை, சென்னை வரலாற்று நூல்களையும் பழைய வரைபடத்தையும் மேசையில் விரித்து வைத்துப் பேசுவதற்கு நூலகத்தைவிடப் பொருத்தமான இடம் எது?

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் மிக நியாயமானது தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களின் வாதம். ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேரோடு வசிக்கும் இளைஞருக்கு நூலகத்தின் அமைதிதான் ஒரே சொத்து. அதில் கைவைக்கக் கூடாது என்பது சரி. ஆனால் கேட்பது வாரத்தில் இரண்டு மணி நேரம். கிளை நூலகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். ஞாயிறு மாலையை வாசிப்புக் கூட்டத்துக்கு என்று அறிவித்துவிட்டால் மாணவர்கள் முன்கூட்டியே திட்டமிட்டுக்கொள்வார்கள். இரண்டு அறை இருக்கும் நூலகத்தில் ஓர் அறையை அமைதிக்கு என்று விட்டுவிடலாம். அரசு 2024-இல் கொளத்தூரில் திறந்த ‘முதல்வர் படைப்பகம்’ போன்ற படிப்பிடங்கள் பெருகினால் இந்த நெருக்கடி இன்னும் குறையும். அதோடு, இடம் போதவில்லை என்றால் இடத்தைக் கூட்டக் கேட்பதே முறை. இருக்கிற இடத்தைத் தேர்வுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டுக் குழந்தைகளை வாசலிலேயே நிறுத்துவது தீர்வாகாது.

அடுத்த ஆட்சேபம் ஆளும் பணமும். ஒரே நூலகர் புத்தகத்தைப் பதிந்து, அடுக்கி, கணக்கு எழுதி, கதவையும் பூட்ட வேண்டிய நிலையில் நிகழ்ச்சிக்கு எங்கே போவார்? இதுவும் உண்மைதான். காலிப் பணியிடங்களை நிரப்புவது அரசின் கடமை. தன்னார்வலர்களைக் காட்டி அந்தக் கடமையிலிருந்து அரசு நழுவக் கூடாது. பணத்தைப் பொறுத்தவரை, சென்னையில் வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறார். சொத்து வரியில் 10 விழுக்காடு என்பது இதற்கு விதித்த அளவு. உள்ளாட்சி அமைப்பு வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டிய பணம் அது. அது உரிய காலத்தில் போய்ச் சேர்கிறதா, எதற்குச் செலவாகிறது என்று கேட்கும் உரிமை வரி கட்டும் எல்லோருக்கும் உண்டு. மற்றபடி, ஒரு வாசிப்புக் கூட்டத்துக்கு ஆகும் செலவு தேநீர்ச் செலவு மட்டுமே. நம் நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புரவலர் ஆனவர்களின் பெயர்ப் பலகையும் சுவரில் தொங்குகிறது. பணம் கொடுத்த அந்த நல்ல மனங்களிடம் மாதத்துக்கு இரண்டு மணி நேரத்தையும் கேட்க வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கும் வங்கி ஊழியர்களுக்கும் மேற்கு மாம்பலத்தில் குறைவே இல்லை.

மண்டபமும் சபாவும் இருக்கும்போது நூலகம் எதற்கு என்பார்கள் சிலர். அந்த இடங்கள் தங்கள் வேலையைச் செவ்வனே செய்கின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமயமோ, ஒரு கலையோ, ஒரு கட்டணமோ எல்லையாக இருக்கிறது. வீட்டு வேலை செய்யும் அம்மாவின் மகளும், அடுக்குமாடிக் குடியிருப்புப் பையனும், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக வாழும் தாத்தாவும் ஒரே மேசையில் உட்கார உரிமை உள்ள இடம் பொது நூலகம் ஒன்றுதான். 1995-இல் சிகாகோ நகரில் 700-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெப்ப அலையை ஆராய்ந்த சமூகவியலாளர் எரிக் கிளினன்பெர்க், அக்கம்பக்கம் ஒருவரையொருவர் அறிந்து பழகிய பகுதிகளில் முதியோர் பிழைத்தார்கள் என்று கண்டார். அப்படிப் பழக வைக்கும் இடங்களில் முக்கியமானதாக அவர் பின்னாளில் எடுத்துக்காட்டியது பொது நூலகத்தைத்தான். வெள்ளம் வந்தால் முழங்கால் தண்ணீர் நிற்கிற தெருக்களில் வாழும் நமக்கு இது அந்நியமான பாடம் இல்லை. கைப்பேசிக் காலத்தில் யார் வாசிக்க வருவார்கள் என்ற அவநம்பிக்கைக்கு, ஒவ்வொரு ஜனவரியிலும் நந்தனத்தில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் திரளும் கூட்டமே பதில். ஆசை இருக்கிறது, அதை மற்ற பதினோரு மாதமும் ஏந்திக்கொள்ள இடம்தான் இல்லை.

ஆகவே, கேட்பது மூன்று. ஒன்று, மாவட்ட நூலக ஆணைக்குழு ஒவ்வொரு கிளை நூலகத்துக்கும் வார வாசிப்புக் கூட்டத்தைக் கட்டாயமாக்கி, மூன்று மாத நிகழ்ச்சி நிரலை வாசலில் எழுதி ஒட்ட வேண்டும். வாரந்தோறும் குழந்தைகளுக்குக் கதை வாசிப்பு, மாதம் ஒரு நூல் பற்றிய உரையாடல் என்று தொடங்கினாலே போதும். இரண்டு, பொன்னாடையும் கட்சிக் கொடியும் இந்தக் கூட்டங்களுக்குள் வரக் கூடாது என்று விதி வேண்டும். எந்த நூலைப் பற்றிப் பேசுகிறார்களோ அந்த நூல் அன்று அங்கே இரவல் எடுக்கக் கிடைக்க வேண்டும். மூன்று, நூலகத்தின் ஆண்டுக் கணக்கில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு, எத்தனை குழந்தைகள் புதிதாக உறுப்பினர் ஆனார்கள், எத்தனை நூல்கள் முதல் முறையாக அலமாரியை விட்டு வெளியே போயின என்பதையும் எழுத வேண்டும். இதற்கெல்லாம் புதிய சட்டமோ புதிய வரியோ தேவையில்லை. சட்டம் 1948-இலேயே வந்துவிட்டது, வரியை நாம் கட்டிக்கொண்டிருக்கிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு அருகிலுள்ள கிளை நூலகத்துக்குப் போங்கள். உறுப்பினர் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். இங்கே வாசகர் வட்டம் எப்போது கூடுகிறது என்று நூலகரிடம் கேளுங்கள். கூடுவதில்லை என்றால், கூட்டுவதற்கு நான் வருகிறேன் என்று சொல்லுங்கள்.