வேங்கையைச் சிதைத்த யானையும் துவாரகாவின் தெருநாயும்

துவாரகாவின் கூட்டுறவுக் குடியிருப்பு வாயில்களில், குளிர்கால இரவுகளில் காவலர் மூட்டும் கணப்பைச் சுற்றித் தெருநாய்கள் சுருண்டு கிடக்கும். பின்னிரவில் அவற்றுள் ஒன்று கண்மூடியபடியே கால்களை உதைக்கும், உதடு துடிக்கும், தொண்டைக்குள் அடங்கிய குரைப்பொன்று எழும். காண்போருள் இரக்கமுள்ளவர் குனிந்து முதுகைத் தடவ முற்படுவார். இரக்கமற்றவர் காலால் எத்துவார். உறக்கம் கலையும் அந்த முதற்கணத்தில் நாய்க்கு இரண்டும் ஒன்றே: தன் உடல்மேல் ஏதோ பட்டுவிட்டது.

தமிழ் இதை நன்கறியும். கலித்தொகையின் 49ஆம் பாடலில் கபிலர் காட்டும் யானை, புலியைப் பொருது வென்ற களைப்பில் மலைச்சாரலில் உறங்குகிறது. நனவில் நிகழ்ந்த போர் மனத்தில் தங்கியமையால் கனவிலும் வருகிறது. திடுக்கிட்டெழுந்த யானை, புதிதாய்ப் பூத்து நின்ற வேங்கை மரத்தைப் புலியெனக் கருதிச் சிதைக்கிறது. சினம் தணிந்தபின் அம்மரத்தைக் காணுந்தோறும் நாணித் தலைகவிழ்கிறது. (வேங்கை என்னும் சொல் புலியையும் குறிக்கும் என்பதை அந்த யானையும் அறிந்திருந்தது போலும்.) மரம் செய்த குற்றம், யானை விழித்த கணத்தில் அங்கே நின்றது மட்டுமே. குனிந்து தடவுபவரின் நிலையும் அதுதான்.

கபிலர் சொல்லும் காரணத்தை ஆய்வுக்கூடம் பொய்ப்பிக்கவில்லை. எலிகள் ஓடுபாதையில் ஓடும்போது மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் தோன்றிய செயற்பாட்டு ஒழுங்கு, அவை உறங்கும்போதும் மீளத் தோன்றுவதை லூயி, வில்சன் ஆகிய இருவர் 2001இல் வெளியிட்டனர். ஆயினும், கனவு என்னும் கருத்தையே விழித்தபின் கூறப்படும் கூற்றிலிருந்துதான் பெறுகிறோம் என்று மெய்யியலாளர் நார்மன் மால்கம் 1959இல் வாதிட்டார். அவ்வழி நோக்கினால், கூற்றே இல்லாத நாய்க்குக் கெட்ட கனவு என்று சொல்வது நமது துணிபு மட்டுமே. ‘கனவு காணுதல்’ என்னும் நம் வழக்குகூடக் கண்ணை முன்னிறுத்துவது. மோப்பத்தால் உலகை அறியும் உயிர் கனவையும் முகர்கிறதோ என்னவோ! இவ்விடத்தில் ‘வாய்வெருவுதல்’ என்ற பழஞ்சொல் பெரிதும் பொருந்துகிறது. உறக்கத்தில் அரற்றுவதை அது சொல்கிறது. அரற்றலுக்குப் பின்னுள்ள கதையை அறிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. வாய்வெருவும் நாயை எழுப்பியே ஆகவேண்டும் என்ற துடிப்பு பெரும்பாலும் காண்பவரின் மன அமைதிக்கானது. பெரும்பாலான வேளைகளில் அந்த அரற்றல் சற்று நேரத்தில் தானே அடங்கிவிடும்.

தில்லியில் இது வெறும் அன்பு பற்றிய செய்தியன்று. 2025 ஆகஸ்ட் 11 அன்று தலைநகரப் பகுதியின் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது: கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்தபின் நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடவேண்டும், வெறிநோயுற்றவையும் மூர்க்கமானவையும் இதற்கு விலக்கு. திடுக்கிட்டுக் கவ்விய நாய்க்கும் மூர்க்க நாய்க்கும் உள்ள வேறுபாட்டைக் கடித்த தடம் சொல்லாது. கடிபட்டவருக்கோ இரண்டும் ஒரே அச்சம். பதினைந்து நிமிடம் சோப்பு நீரில் புண்ணைக் கழுவி, அன்றே தடுப்பூசிக்கு ஓடத்தான் வேண்டும். ஒரு தடவலின் விலையாக மனிதர் மருத்துவமனைக்கும், நாய் திரும்பி வராத காப்பகத்துக்கும் போக நேரலாம்.

அரற்றல் நீண்டு, பார்ப்பவரால் பொறுக்க முடியாவிட்டால், எட்ட நின்று நாயறிந்த பெயரைத் தாழ்ந்த குரலில் சொல்லலாம். குரல் தொலைவிலிருந்து வருவதால், வந்தவர் யாரென அறிய நாய்க்கு அவகாசம் கிடைக்கிறது. கை அந்த அவகாசத்தைத் தருவதில்லை. குழந்தைகளுக்கு இதை முதலில் சொல்லித்தர வேண்டும். உடல் விறைத்து, வாயில் நுரைதள்ளி, அழைத்தும் தெளியாவிட்டால் அது வலிப்பாக இருக்கலாம். அப்போதும் வாயருகே கை கொண்டுபோகாமல் கால்நடை மருத்துவரை அழைப்பதே முறை.

வாயிற்காவலர் பலர் இவற்றையெல்லாம் எங்கும் படித்தவர் அல்லர். நாற்காலியை விட்டெழாமலே “காலூ” என்று ஒருமுறை அழைக்கிறார்கள். நாய் தலைதூக்கிப் பார்க்கிறது. குரல் பழகியதென்று கண்டு, மீண்டும் மூக்கை வாலுக்கடியில் செருகிக்கொள்கிறது.