அல்லிராணி கட்டாத கோட்டை

மன்னார்க் கரையில் நடந்து பார்க்கத் தகுந்த இடிபாடுகள் மூன்று: மன்னார்க் கோட்டை, அரிப்புக் கோட்டை, அல்லிராணி கோட்டை. மூன்றாவது கோட்டையே அல்ல; அந்தக் கதை கடைசியில் வரும்.

தலவாக்கலையிலிருந்து போகிறவர் கண்டி, மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி என்று இறங்கி மன்னாரைச் சேர்கிறார். 1830களுக்குப் பின் கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் ஏறிவந்த வழியும் ஏறக்குறைய இதுதான், எதிர்த் திசையில். ராமேஸ்வரப் பக்கத்திலிருந்து தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், கங்காணிக்குப் பின்னால் காட்டுவழியே மாத்தளை வரை நடந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். தலைமன்னாருக்கு ரயில் வந்தது 1914இல். ஆகவே மலையகத்தாருக்கு இந்தக் கரை வெறும் சுற்றுலா இடமல்ல.

மன்னார்க் கோட்டை தாம்போதியைத் தாண்டித் தீவுக்குள் நுழையும் இடத்தில் நிற்கிறது. 1560இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1696இல் திருத்திக் கட்டினார்கள். 1795இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. சதுர அமைப்பு, மூலைக்கொன்றாக நான்கு கொத்தளங்கள், சுற்றிலும் அகழி. மதில் பெரும்பாலும் தப்பியிருக்கிறது. உள்ளேதான் தேவாலயம் உட்படக் கட்டடங்கள் கூரையிழந்து கிடக்கின்றன. மதிலின் மேல் ஒரு சுற்று நடந்தால் காவல் யாருக்கு எதிராக என்பது புரிந்துவிடும்: ஒரு பக்கம் பெருநிலம், மறுபக்கம் முத்தும் சங்கும் விளையும் கடல். இந்தக் கோட்டைக்குத் திருக்கேதீச்சரக் கோயிலை இடித்த கற்களைக் கொண்டுவந்தார்கள் என்பது சைவர்களிடையே வேரோடிய நம்பிக்கை.

அருவியாறு கடலில் விழும் இடத்துக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது அரிப்பு. இங்குள்ள கோட்டை மிகச் சிறியது, கொத்தளங்கள் இரண்டே. இதுவும் போர்த்துக்கேயர் கட்டி 1658இல் ஒல்லாந்தருக்குப் போனதுதான். பிற்காலத்தில் தங்கும் விடுதியாகவும் இருந்தது. பார்க்க அதிகம் ஒன்றுமில்லை; ஆனால் மூன்றிலும் பெரிய கதை இதற்குத்தான். 1660இல் கொட்டியாரக் குடாவில் கண்டி அரசனின் ஆட்களிடம் சிக்கிய ஆங்கிலக் கப்பல்காரர்களில் ஒருவர் ரொபேர்ட் நொக்ஸ். சிறைக்கம்பி கிடையாது, கண்டி ராச்சியமே சிறை. ஊர் ஊராகச் சில்லறை வியாபாரம் செய்து, அந்தச் சாக்கில் வடக்குப் பாதைகளைப் படித்துக்கொண்டார். 1679இல் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழருடன் அநுராதபுரம் வரை வந்து, அருவியாற்றின் கரையைப் பிடித்துக்கொண்டு, யானைக் காட்டினூடாக நடந்து, ஒக்டோபரில் அரிப்பில் ஒல்லாந்தரிடம் சேர்ந்தார். பத்தொன்பது ஆண்டுக்கும் மேலான சிறைவாசம் இந்தச் சின்னச் சுவர்களுக்குள் முடிந்தது. அவர் எழுதிய இலங்கை வரலாறு 1681இல் லண்டனில் வெளிவந்தது.

அரிப்பிலிருந்து கரையோரமாகச் சிலாவத்துறைப் பக்கம் நடந்தால், கடலுக்கு மேலே மண்மேட்டு விளிம்பில் பெரிய தூண்களின் மிச்சம் தெரியும். ஊரார் அதை அல்லிராணி கோட்டை என்கிறார்கள். முத்துக் கரையை ஆண்ட அல்லி அரசாணியின் கதை இந்தப் பக்கத்தில் பழையது. தெற்கே குதிரைமலையையும் அவளுடையது என்பார்கள். உண்மையில் இது இலங்கையின் முதல் ஆங்கிலேய ஆளுநர் பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பைப் பார்வையிடத் தங்குவதற்காக 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை. பீரங்கி மேடையுமில்லை, அகழியுமில்லை. ஆளுநரின் பெயரை ஊர் மறந்து ராணியின் பெயரை வைத்துக்கொண்டதில் யாருக்கும் நட்டமில்லை.

கிரேக்கப் பாணித் தூண்களைத் தூரத்திலிருந்து பார்க்கிறவர் கருங்கல் என்றே நினைப்பார். கிட்டப் போனால் சாந்து உதிர்ந்த இடமெல்லாம் செங்கல்தான். சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பைப் பூசி மெழுகியிருக்கிறார்கள். சிப்பிக்குக் கரையில் பஞ்சமே இல்லை. ஆட்களில்லாத இந்த மணல்வெளி, முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சில வாரங்களுக்குப் பட்டணமாகிவிடும். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் குளியாட்கள் வருவார்கள். காலில் கல்லைக் கட்டிய கயிற்றோடு மூழ்கி, கூடையில் சிப்பியை அள்ளி ஏறுவார்கள். சுறா வராமல் மந்திரம் சொல்லக் ‘கடல்கட்டி’ ஒருவர் இருப்பார். அவர் இல்லாமல் குளியாட்கள் கடலில் இறங்க மாட்டார்கள் என்பதால் அரசாங்கமே அவருக்குக் கூலி கொடுத்தது. எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளியாட்களுக்கு. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். வாங்கியவர்கள் சிப்பியை அழுகவிட்டுக் கழுவி முத்தெடுப்பார்கள். அந்த நாற்றத்தைப் பற்றி எழுதாமல் போன வெள்ளைக்காரர் குறைவு. பெரிய குளிப்புகள் 1925உடன் நின்றுபோயின.

மாளிகையின் கடல்பக்கம் ஆண்டுக்காண்டு கரைகிறது. மண்மேடு சரியச் சரியச் சுவரும் சேர்ந்து விழுகிறது. போகிறவர்கள் காலையிலேயே போவது நல்லது; நிழலுக்கு மரமில்லை, தண்ணீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். கடல்பக்கச் சுவருக்கு அடியில் மட்டும் நிற்க வேண்டாம்.