அது வெறும் தூக்க மாத்திரை இல்லீங்க!

மக்களே, போன வாரம் ஒரு கல்யாண வீட்டுல நடந்த கூத்து இது. எங்க சித்தி "ராத்திரி தூக்கமே வரலை"ன்னு புலம்ப, பக்கத்துல இருந்த அத்தை பர்ஸைத் திறந்து ஒரு அட்டையிலிருந்து நாலு மாத்திரையை வெட்டி நீட்டினாங்க. ஏதோ வெத்தலை பாக்கு குடுக்கற மாதிரி! வாங்கிப் பார்த்தேன். அமிட்ரிப்டிலின் 25.

எனக்கு பகீர்னு ஆனதுக்குக் காரணம் எங்க பெரியப்பா. சர்க்கரை நோயால கால் எரிச்சல். டாக்டர் 10 மில்லிகிராம் எழுதிக் குடுத்தார், எரிச்சலும் குறைஞ்சது. நல்ல மருந்துதான், மறுக்கலை. அடுத்த மாசம் மெடிக்கல் ஷாப்ல "10 ஸ்டாக் இல்லை, 25 வாங்கிக்கோங்க, அதே மாத்திரைதான்"னு குடுத்துட்டாங்க. பெரியப்பாவுக்குப் புராஸ்டேட் வீக்கம் வேற. மூணாம் நாள் ராத்திரி சிறுநீர் அடைச்சுக்கிச்சு. எழுந்தவர் தலை சுத்தி பாத்ரூம் வாசல்ல விழுந்தார். இடுப்பெலும்பு முறிஞ்சது. அதுக்கப்புறம் அவர் தனியா நடக்கவே இல்லை.

அதே மாத்திரையாம்! ரெண்டரை மடங்கு ஐயா அது!

அமெரிக்காவுல 1961ல அனுமதி கிடைச்ச மனச்சோர்வு மருந்து இது. நரம்பு வலிக்கும், ஒற்றைத் தலைவலி வராம இருக்கவும் குறைஞ்ச அளவுல குடுக்கறாங்க. தூக்கம் வர்றது அதோட பக்க விளைவு. வாய் வறட்சி, மலச்சிக்கல், எழுந்து நின்னா ரத்த அழுத்தம் இறங்கறது எல்லாம் கூடவே வரும். கண் அழுத்த நோய், புராஸ்டேட், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவங்க டாக்டர்கிட்ட சொல்லாம தொடவே கூடாது. டிரமடால் மாதிரி வலி மாத்திரையோடயோ, சரக்கோடயோ சேர்ந்தா இன்னும் விபரீதம். அளவு மீறினா இதயத்தையே பதம் பார்க்கும். சின்னக் குழந்தை ஒண்ணு ரெண்டு முழுங்கிட்டாலே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

அட்டையிலேயே சிவப்புக் கோடு போட்டிருக்கு. ஷெட்யூல் எச், சீட்டில்லாம விக்கக்கூடாது. யார் பார்க்கறா?

இதுக்கு நேர் எதிரா இன்னொரு கோஷ்டி. "ஐயய்யோ, பைத்தியத்துக்குக் குடுக்கறதாச்சே"ன்னு பயமுறுத்தி, மாசக்கணக்கா சாப்பிடறவங்களை ஒரே நாள்ல நிறுத்த வைப்பாங்க. தலைவலி, குமட்டல், தூக்கம் கெடறதுன்னு படுத்தி எடுக்கும். மனச்சோர்வுக்குன்னா பலன் தெரியவே ரெண்டு மூணு வாரம் ஆகும், அதுவரைக்கும் பொறுக்கணும். நிறுத்தறதா இருந்தாலும் டாக்டர் சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்.

மாத்திரையை அத்தைகிட்டயே திருப்பிக் குடுத்தேன். "ரொம்பப் படிச்சவன்"னு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. இருக்கட்டும். திங்கட்கிழமை சித்தியை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்.